பிள்ளையைத் தானம் கொடுக்க முடியுமா?

நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள தோட்டத்துக் கோயில் எதிலும் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் ஐயர் முதலில் கேட்பது பெயரும் நட்சத்திரமும்தான். நெதர்லாந்திலோ சுவிட்சர்லாந்திலோ வளர்ந்து, நாற்பது வயதில் பெற்றவளைத் தேடி மலை ஏறி வருகிறவருக்கு இரண்டுமே சிக்கல். பெயர் வளர்த்தவர்கள் வைத்தது. பிறந்த தேதி கடவுச்சீட்டில் இருக்கிறது; அது மெய்யான தேதியா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. நட்சத்திரம் தெரியாதவருக்குச் சாமி பேரிலேயே அர்ச்சனை செய்துவிடும் வழக்கம் கோயில்களில் உண்டு. அத்தோடு ஐயரின் வேலை முடிந்துவிடும்.

1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துப்போன குழந்தைகள் சுமார் 11,000 பேர் என்பது மதிப்பீடு. நெதர்லாந்துக்கு மட்டும் மூவாயிரத்துக்கும் மேல். சுவிட்சர்லாந்துக்கு 1973க்கும் 1997க்கும் இடையே 881 பேர். 2017இல் நெதர்லாந்தின் ‘ஸெம்ப்ளா’ தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்தக் கணக்கின் அடியில் கிடந்ததைக் கிளறியது. பிள்ளை செத்துவிட்டது என்று தாயிடம் சொல்லிவிட்டு வைத்தியசாலையிலிருந்தே எடுத்துப்போனது, கர்ப்பிணிகளை ஒரு வீட்டில் தங்கவைத்துப் பிரசவமானதும் பிள்ளையைக் கைமாற்றிய ‘குழந்தைப் பண்ணைகள்’, பொய்யான பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள் எல்லாம் வெளியே வந்தன. அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அதே நிகழ்ச்சியில் நடந்ததை ஒப்புக்கொண்டு, தாய்களும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க மரபணுத் தரவுத்தளம் அமைப்பதாகவும் சொன்னார்.

வெளியே வந்தவற்றில் மிக விசித்திரமானது கூலித் தாய். தாய் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்றது சட்டம். ஆகவே தரகர்கள் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், கையெழுத்தோ கைநாட்டோ வைத்தாள், வெள்ளைக்காரத் தம்பதியோடு படம் எடுத்துக்கொண்டாள், காசை வாங்கிக்கொண்டு போனாள். அந்தப் படம் ஐரோப்பாவில் ஒரு வீட்டு ஆல்பத்தில் முப்பது வருஷம் ‘உன் அம்மா’ என்ற பெயரில் ஒட்டியிருந்தது. பிற்பாடு மரபணுச் சோதனை செய்தபோதுதான் படத்தில் இருப்பவளுக்கும் பிள்ளைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று தெரிந்தது. மனு பன்னிரண்டு வகைப் பிள்ளைகளைப் பட்டியல் போட்டவர். கொடுக்கப்பட்ட பிள்ளை, விலைக்கு வாங்கிய பிள்ளை, பெற்றோர் கைவிட்ட பிள்ளை, தன்னையே கொடுத்துக்கொண்ட பிள்ளை என்று எல்லாம் அதில் உண்டு. வாடகைக்கு வந்த தாய்க்கு மட்டும் அதில் இடமில்லை.

இது கொழும்போடு முடிந்த கதையல்ல. தேயிலைத் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளும் இப்படிப் போனார்கள். கண்டி மாவட்டத்தின் தென் எல்லையில் மகாவலிக் கரையில் இருக்கும் நாவலப்பிட்டிக்குப் புகையிரதம் வந்தது 1874இல். அதற்கு மேலே பாதை செங்குத்தாக ஏறுகிறது, இருபுறமும் தோட்டங்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்தத் தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இங்கே வைத்துக்கொள்ளவும் கணக்குப் போட்டது. மனிதர்களைத் தலைக்கணக்கில் இரண்டு அரசுகள் பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. 1970களின் நடுவில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் வேறு. கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய்க் கர்ப்பமாகித் திரும்ப முடியாமல் நின்ற பெண்ணிடம், அல்லது ஐந்தாவது பிள்ளைக்குப் பால்மா வாங்க வழியில்லாதவளிடம், ‘பிள்ளை வெளிநாட்டில் நல்லா இருக்கும்’ என்று ஒருவர் வந்து சொன்னால், அவள் தலையசைத்ததைச் சம்மதம் என்று கொள்வதா?

பெரும்பாலான வளர்ப்புப் பெற்றோர் கெட்டவர்கள் அல்ல. அனாதைக் குழந்தைக்கு வீடு கொடுக்கிறோம் என்றே நம்பினார்கள். விமான நிலையத்துக்குத் தாத்தா பாட்டியும் பூங்கொத்தோடு வந்தார்கள். பிள்ளை வீடு வந்து சேர்ந்த நாளை இரண்டாவது பிறந்தநாளாகக் கொண்டாடிய குடும்பங்கள் உண்டு. பலருக்கு அது சமயக் கடமையும்கூட. விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் காப்பாற்றச் சொல்வது விவிலியம். இறைவன் மனிதரைத் தத்தெடுத்துக்கொண்டார் என்பது புனித பவுலின் இறையியலில் முக்கியமான உருவகம். நம் பக்கத்திலும் பிள்ளையை எடுத்து வளர்ப்பது புண்ணியம். ஆனால் தானத்துக்குக் கொடுப்பவன் ஒருவன் வேண்டும். கொடுக்கும் பொருள் அவனுடையதாக இருக்கவும் வேண்டும். பிள்ளை யாருடைய பொருள்?

கண்டிக்கு அருகில் தெகல்தொருவ விகாரையின் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் வெஸ்ஸந்தர ஜாதகம் இருக்கிறது. கேட்டதை எல்லாம் கொடுக்கும் இளவரசன் வெஸ்ஸந்தரன், காட்டில் இருக்கும்போது வந்து கேட்ட ஜூஜகன் என்ற கிழப் பிராமணனுக்குத் தன் மகனையும் மகளையும் கொடுத்துவிடுகிறான். சிங்கள பௌத்தர் வீடுகளில் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. இதில் கவனிக்க வேண்டியது நேரம். தாய் மத்திதேவி கனி பறிக்கக் காட்டுக்குள் போயிருக்கும்போதுதான் பிள்ளைகள் கைமாறுகிறார்கள். அவள் சீக்கிரம் திரும்பிவிடக் கூடாது என்று தேவர்கள் சிங்கமும் புலியும் சிறுத்தையுமாக வந்து வழியை மறிக்கிறார்கள்! தானம் நிறைவேற வேண்டுமென்றால் பெற்றவள் அங்கே இருக்கக் கூடாது என்பது தேவர்களுக்கே தெரிந்திருக்கிறது. பாலி நூலான மிலிந்த பஞ்ஹாவில் மிலிந்த மன்னன் இந்தத் தானம் சரியா என்று நாகசேனர் என்ற பிக்குவை மடக்குகிறான். கடனில் விழுந்த தகப்பன் மகனை அடகு வைக்கலாம், விற்கவும் செய்யலாமே என்பது நாகசேனரின் பதில்களில் ஒன்று. வெஸ்ஸந்தரனின் பற்றின்மையை அது காப்பாற்றுகிறது; பிள்ளைகளின் அழுகைக்கு அதில் பதில் இல்லை. பௌத்த மரபு அந்தக் கேள்வியை மறைக்காமல் நூலில் ஏற்றி வைத்திருப்பதைப் பாராட்டத்தான் வேண்டும்.

வேத மரபின் கதை இன்னும் கரடுமுரடு. ஐதரேய பிராமணத்தில் பசியில் வாடும் அஜீகர்த்தனிடம் பலி கொடுக்கப் பிள்ளை கேட்கிறார்கள். மூத்தவனைத் தகப்பன் விடவில்லை, கடைசிப் பிள்ளையைத் தாய் விடவில்லை. நடுவில் நின்ற சுனச்சேபன் நூறு பசுக்களுக்கு விலைபோனான். தூணில் கட்ட இன்னொரு நூறு, வெட்ட இன்னொரு நூறு என்று தகப்பனே கூலி பேசினான். தேவர்கள் அருளால் கட்டவிழ்ந்தபின் அஜீகர்த்தன் மகனைத் திரும்பக் கேட்க, சுனச்சேபன் மறுத்து விசுவாமித்திரரின் மகனானான். தத்துக்குச் சாஸ்திர முன்னுதாரணமாகக் காட்டப்படும் கதையே ஒரு விற்பனையில்தான் தொடங்குகிறது. ஆனால் இங்கே ஒரு நல்ல விஷயம், முடிவைச் சொன்னது பிள்ளை.

தமிழுக்கென்று ஓர் ஆபுத்திரன் இருக்கிறான். மணிமேகலை சொல்லும் கதை: வாரணாசியைச் சேர்ந்த சாலி என்ற பார்ப்பனி ஒழுக்கம் தவறிக் கருவுற்று, தெற்கே தீர்த்தமாட வரும் வழியில் பிள்ளையைப் பெற்று ஒரு தோட்டத்தில் போட்டுவிட்டுப் போகிறாள். ஒரு பசு ஏழு நாள் பால் சொரிந்து காக்கிறது. இளம்பூதி என்ற அந்தணன் கண்டெடுத்து, தன் மகன் என்றே கொண்டாடி, வேதம் ஓதுவித்து வளர்க்கிறான். யாகத்துக்குக் கட்டிய பசுவை ஆபுத்திரன் அவிழ்த்துவிட்ட அன்று ஊர் அந்தணர்கள் அவனைப் பிடித்து அடிக்கிறார்கள். சாலியின் கதை தெரிந்த ஒருவன் எழுந்து பிறப்பைப் போட்டு உடைக்கிறான். ஆபுத்திரன் கலங்கவில்லை. பெரிய முனிவர்களின் பிறப்பை எண்ணிப் பாருங்கள் என்று சிரிக்கிறான். கலங்கியது இளம்பூதிதான். இத்தனை வருஷம் தூக்கி வளர்த்தவன் அன்றே பிள்ளையை வீட்டைவிட்டு விலக்குகிறான். பிறப்பு தெரியாதவரையில்தான் அந்த அன்புக்கு ஆயுள்.

மணிமேகலையைப் பாடிய சாத்தனார் இன்னொன்றும் செய்தார்: பெற்றவளைப் பேசவிட்டார். ஈன்ற பிள்ளைக்கு இரங்காமல் விட்டுவந்தேன், எனக்குக் கதி உண்டா என்று சாலி ஒருவனிடம் கதறியிருக்கிறாள். பிறப்பு வெளிப்பட்டதே அந்த வாக்குமூலத்தால்தான். குலசேகராழ்வார் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். கண்ணனை வளர்த்த யசோதையைப் பாடியவர்கள் பலர். குலசேகரர் பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழி முழுவதையும் தேவகியின் புலம்பலாக வைத்தார். தாலாட்டவில்லை, தவழ்வதைப் பார்க்கவில்லை, அந்தச் சுகமெல்லாம் யசோதைக்கே போயிற்று என்பதுதான் அதன் பொருள். தன் பிள்ளை இன்னொரு வீட்டில் செழிப்பாக இருக்கிறான் என்று தெரிந்த பின்னும் ஆறாத ஒரு குறை உண்டு என்பதை நம் பக்தி இலக்கியம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறது.

இஸ்லாம் வேறு வழியில் போயிற்று. சிறுவயதில் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட ஸைதை நபிகள் மகனாகவே வைத்திருந்தார். தகப்பன் ஹாரிஸா மீட்க வந்தபோது போவதா இருப்பதா என்று ஸைதையே கேட்டார்கள், அவர் இருந்துவிட்டார். ஆனாலும் பின்னர் இறங்கிய அல் அஹ்ஸாப் அத்தியாயம், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் சொந்தத் தகப்பன் பெயராலேயே அழைக்கச் சொன்னது. முஹம்மதின் மகன் ஸைத் மறுபடி ஹாரிஸாவின் மகன் ஸைத் ஆனார். வளர்ப்பு நிற்கவில்லை, பிறப்பை அழிக்கும் உரிமை மட்டும் நின்றது. சட்டம் இந்த இடத்துக்கு வந்துசேர 1989 ஆயிற்று. அந்த வருஷத்து ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயம், இயன்றவரை தன் பெற்றோரை அறியும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்றது.

இலங்கையும் சும்மா இருக்கவில்லை. 1941ஆம் ஆண்டின் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டம் 1992இல் திருத்தப்பட்டு, வெளிநாட்டார் நேரடியாகத் தாயிடமிருந்து பிள்ளை எடுக்கும் வழி அடைபட்டது. நாடுவிட்டு நாடு தத்தெடுப்பது பற்றிய 1993 ஹேக் சமவாயம் 1995 மே 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்ததே மெக்சிக்கோ, ருமேனியா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் முதலில் உறுதிப்படுத்தியதால்தான். வாங்கிய நாடுகள் கண்ணாடி பார்க்கத்தான் நாளாயிற்று. வெளிநாட்டுத் தத்துகளை விசாரிக்க நெதர்லாந்து நியமித்த யூஸ்த்ரா குழு 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. முறைகேடுகள் அரசுக்குத் தெரிந்தும் தடுக்கவில்லை என்றது. சுவிஸ் அரசு 2020 இறுதியில் வருத்தம் தெரிவித்தது. 2025 ஜனவரியில் வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தும் நோக்கத்தை அறிவித்தது.

தேடி வருகிறவர்களிடம் அடிக்கடி சொல்லப்படும் ஒரு வார்த்தை உண்டு: நல்லா வளர்த்தாங்களே, இன்னும் என்ன வேண்டும்? நன்றியுள்ள பிள்ளை கேள்வி கேட்காது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. இந்தக் கணக்கு தப்பு. கைப்பிள்ளை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து வைக்கவில்லை. கடன் வாங்காதவரிடம் வட்டி கேட்க முடியாது. தவிர, நம் சாஸ்திரத்திலேயே இரண்டு வீட்டுக்கும் பிள்ளையாக இருக்க இடமுண்டு. துவ்யாமுஷ்யாயணம் என்று அதற்குப் பெயர். இவன் நம் இருவருக்கும் மகன் என்று கொடுப்பவரும் எடுப்பவரும் பேசி முடித்துக்கொண்டால், பிள்ளை இரு பக்கத்துப் பிதிர்களுக்கும் பிண்டம் வைக்கலாம். அதற்கு இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் தெரிந்திருக்க வேண்டும்.

அறியாமல் செய்த பிழைக்கும் பிராயச்சித்தம் உண்டு என்பது தர்ம சாஸ்திரம். தெரிந்து செய்ததைவிட இலகுவானது, அவ்வளவுதான். வளர்த்தவர்களுக்கு அது பெரிய தவம் ஒன்றுமில்லை. அலுமாரியில் கிடக்கும் பழைய கோவை, கொழும்புச் சட்டத்தரணிக்குக் கொடுத்த காசின் பற்றுச்சீட்டு, தங்கிய விடுதியின் பெயர், முகவர் எழுதிய கடிதம் எல்லாவற்றையும் பிள்ளையின் கையில் கொடுத்துவிட வேண்டும். கூலித் தாயின் படத்தையும் சேர்த்துத்தான், அவளுக்கும் ஏதாவது தெரிந்திருக்கும். இந்தப் பக்கத்தில் வேலை இன்னும் பெரிது. அந்தத் தாய்மார்கள் இப்போது அறுபதும் எழுபதும் தாண்டியவர்கள். மாரியாயி, லெட்சுமி என்று ஒரே தோட்டத்தில் பத்துப் பேருக்கு ஒரே பெயர். குடும்பப் பெயர் கிடையாது. தோட்டத்துக்குக் காகிதத்தில் ஆங்கிலப் பெயர் ஒன்று, சனங்கள் வாயில் தமிழ்ப் பெயர் வேறொன்று. தத்துப்போனவர்களின் சங்கங்கள் எச்சில் மாதிரி எடுக்கும் சோதனைப் பெட்டிகளோடு ஊர் ஊராகத் தாய்மாரைத் தேடிப் போகின்றன. நாற்பது வருஷத்துக்கு முந்திய பிரசவத்தைக் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லாமலே வாழ்ந்துவிட்டவள், லயத்து வாசலில் நாலு பேர் பார்க்க அந்தக் குச்சியை வாயில் வைக்க மாட்டாள். அவளுக்குத் தனியாக ஓர் அறையும், விஷயத்தை வெளியே விடாத ஒரு தமிழ்ப் பெண்ணும் வேண்டும். நாவலப்பிட்டி மாவட்ட வைத்தியசாலையில் வாரத்தில் ஒரு நாள் அப்படி ஓர் அறையைத் திறந்துவைப்பது அரசுக்குப் பெரிய செலவில்லை.