கருவில் தெரியும் குறை

கருவுற்ற 18 முதல் 20 வாரங்களில் எடுக்கப்படும் ஸ்கேன், இன்று நம் இல்லங்களில் வளைகாப்பைப் போல் வழக்கமாகிவிட்டது. கிளாஸ்கோ மருத்துவர் இயன் டொனால்டும் அவருடைய துணைவரும் 1958-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த கலை இது. பிறக்கும்வரை தாயும் அறியாதிருந்ததை இப்போது ஒலியலைகள் காட்டிவிடுகின்றன. கண்டபின் செய்யத்தக்கது யாது என்பதே வினா.

“குறை இருக்கிறது” என்னும் சொல்லுக்குள் எத்தனையோ வேறுபாடுகள் அடங்கும். இதயத்திலிருந்து புறப்படும் இரு பெருங்குழாய்கள் இடம் மாறி அமைந்துவிடுவது ஓர் அரிய குறை. கருப்பையில் அக்குழந்தைக்குப் பெரும்பாலும் இடர் இல்லை; பிறந்தபின் உடல் நீலம் பாரிக்கும். முன்னரே தெரிந்தால், இதய அறுவை நடைபெறும் மருத்துவமனையிலேயே பேறுகாலத்தை வைத்துக்கொள்ளலாம். பிரேசில் நாட்டு மருத்துவர் அடிப் ஜட்டேனே 1975-இல் செய்துகாட்டிய முறையில் அக்குழாய்களை மாற்றிப் பொருத்துவர். அவ்வாறு பிழைத்த குழந்தைகள் வளர்ந்து பள்ளியில் ஓடியாடுகிறார்கள். மருத்துவர் கூறுவதைப் பாதி கேட்டுவிட்டு, “கலைத்துவிடலாம்” என்று உறவினர் அவசரப்படுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

மண்டையோடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகாத நிலையோ வேறு. அதற்கு மருந்தில்லை, உயிரோடு பிறப்பினும் பெரும்பாலும் சில மணி நேரமோ சில நாளோதான். 2021-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, கருவின் குறை கடுமையானதென்று மருத்துவக் குழு கண்டால் 24 வாரங்களுக்குப் பின்னரும் கருவைக் கலைக்கலாம். சட்டத்தின் இசைவு, கொல்லாமையை நோன்பாகக் கொண்டோர் நெஞ்சில் எழும் வினாவுக்கு விடையாகாது. தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, உயிரைப் பிரிப்பதோடு அதற்கு ஏதுவாகிய மயக்கமுற்ற மனத்தையும் சேர்த்தே கூறுகிறது. இதில் குற்றமே இல்லை என்று கூற நான் துணியேன். ஆயினும் உதடு பிளந்திருப்பதற்காகக் குழந்தையை மறுப்பவரையும், பிழைக்கவே இயலாத குழந்தையைச் சுமந்து கலங்குபவளையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். இறுதிவரை சுமந்து பெற்று, மடியில் வைத்தே வழியனுப்பும் தாய்மாரும் உண்டு. அந்த வலிமை மாமியாரின் கட்டளையால் வருவதன்று.

“எல்லாம் உன் முற்பிறவி வினை” என்று அவளிடமே கூறுவோர் நம்மிடையே இருக்கிறார்கள். வினைக்கொள்கை தன்னைத் தானே ஆராய்வதற்கு உரியது. அழுகின்றவளைக் குத்துவதற்கு அன்று. அவளிடம் கூறவேண்டிய செய்தி வேறு. கருத்தரிக்கும் முன்பிருந்தே போலிக் அமிலம் உட்கொண்டால், இத்தகைய நரம்புக்குழல் குறை மறுபடி நேர்வது ஏறத்தாழ 70 விழுக்காடு குறையும் என்பதைப் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 1991-இல் காட்டியது. எவ்வளவு உட்கொள்வது என்பதை மருத்துவரிடம் கேட்க, வீட்டுப் பெரியவர் ஒருவர் அவளோடு செல்லலாம்.