தம் துன்பமும் பிறர் துன்பமும்

பிற உயிர்களின் துன்பத்தைத் தன் துன்பமாகக் கொள்ளாதவனுக்கு அறிவினால் ஆகும் பயன் ஒன்றுமில்லை என்பது, திருக்குறளின் இன்னா செய்யாமை அதிகாரத்தை ஓதிய நம் இல்லத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த கருத்தாகும். நம் சமயமும் நற்காட்சி உடையவரின் அடையாளங்களுள் ஒன்றாக அனுகம்பையைக் கூறுகின்றது. அச்சொல்லின் பொருளே உடன் நடுங்குதல் என்பதாம். ஓர் உயிர் துன்பத்தால் நடுங்கக் கண்டால் நம் உள்ளமும் அதனோடு சேர்ந்து நடுங்க வேண்டும். இவற்றில் ஐயத்திற்கு இடமில்லை.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. பிறர் துன்பத்தைத் தம் துன்பமாகக் கொள்வதாக எண்ணிக்கொண்டு, தம் துன்பத்தையே பிறர் துன்பமாகக் கொண்டுவிட்டால் என்ன செய்வது? இவ்விரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் கண்கள் கலங்கும். இரண்டிலும் கைகள் உதவிக்கு நீளும். ஆயினும் இரண்டும் வேறு வேறு. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி செய்தும் இவ்வேறுபாட்டை நாம் அறியாதிருந்தோம். அதனை அறிந்துகொண்ட விதத்தை, நம் பிழையையும் மறைக்காமல், இங்கே எழுத முற்படுகிறோம்.

கண்ணைக் கட்டிய பாடம்

1990களில் ஆவடிப் பகுதியில் உள்ள ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றில் கல்வி உளவியல் கற்பித்து வந்தோம். உடல் குறைபாடு உடையோருக்கான சட்டம் 1995ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அத்தகைய குழந்தைகள் 18 வயது வரை கட்டணமின்றிக் கல்வி பெறவும், பொதுப் பள்ளிகளில் மற்றப் பிள்ளைகளுடன் அமர்ந்து பயிலவும் அச்சட்டம் வழி வகுத்தது. நாளை ஆசிரியராகப் போகின்றவர்களின் உள்ளத்தை அதற்கு ஆயத்தம் செய்வது நம் கடமை என்று கருதினோம். அதற்கென்று ஒரு பயிற்சியும் வைத்திருந்தோம்.

மாணவியர் 40 பேரின் கண்களையும் துணியால் கட்டிவிடுவோம். வகுப்பறையிலிருந்து புறப்பட்டு, தாழ்வாரத்தைக் கடந்து, படியிறங்கி, முற்றத்து வேப்பமரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். சிலர் சுவரில் மோதிக்கொள்வர். சிலர் படியருகே வந்ததும் அஞ்சி அங்கேயே அமர்ந்துவிடுவர். பத்து நிமிடங்கள் கழித்துக் கட்டை அவிழ்க்கும்போது பலருடைய கண்களில் நீர் நிற்கும். அன்று மாலை அவர்கள் குறிப்பேட்டில் எழுதியவற்றைப் படித்து நாம் மகிழ்வோம். இருள், அச்சம், தனிமை, இத்தகைய வாழ்க்கை பகைவருக்கும் வேண்டாம் என்றெல்லாம் எழுதியிருப்பர். பாடம் உள்ளத்தில் பதிந்துவிட்டது என்று நிறைவு கொள்வோம். சில ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருப்பதை நம் பகுதியினர் அறிவர். அவ்வூரில் பயின்று ஆசிரியரான பார்வையற்ற அன்பர் ஒருவரை ஓராண்டு நம் வகுப்பிற்கு அழைத்திருந்தோம். மாணவியர் எழுதிய குறிப்புகளைப் பெருமையோடு அவருக்குப் படித்துக் காட்டினோம். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அம்மா, இந்தப் பிள்ளைகள் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் இது பார்வை போன முதல் பத்து நிமிடத்தைப் பற்றியது. நான் பார்வை இல்லாமல் முப்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டேன். இருட்டில் நிற்பதாக எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. காலையில் எழுந்தால் மகளுக்குக் காய்ச்சல் குறைந்ததா, இந்த மாதம் சம்பளம் போதுமா என்றுதான் நினைக்கிறேன்.”

அப்படியானால் தங்களுக்குத் துன்பமே இல்லையா என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். அவர் சிரித்தார்.

“ஏன் இல்லை? பூந்தமல்லிப் பேருந்து நிலையத்தில் நின்றால், வருகிற பேருந்தின் எண்ணைச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. ஆனால் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சாலையைக் கடத்திவிட உடனே ஆள் கிடைக்கிறார்கள். நான் கடக்க வேண்டும் என்று சொல்லவே இல்லை. அவர்கள் புண்ணியம் செய்த மகிழ்ச்சியில் போய்விடுவார்கள். நான் திரும்பி வர வேண்டும். உணவகத்துக்குப் போனால் பரிமாறுபவர் என் தம்பியிடம், ‘இவருக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்பார். எனக்குப் போனது பார்வைதான் அம்மா. வாய் இருக்கிறது.”

மாணவியர் முதலில் சிரித்தனர், பின்னர் அமைதியாயினர். வழிகாட்டும் முறையையும் அவர் அன்று கற்பித்தார். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுத்தல் கூடாது. நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளுமாறு நீட்டி, அரையடி முன்னே நடந்தால் போதும். படி ஏறுவதும் இறங்குவதும் நம் உடலின் அசைவிலிருந்தே அவருக்கு விளங்கிவிடும். முன்னதில் அவர் இழுக்கப்படும் பொருள் ஆகின்றார். பின்னதில் தாமே பற்றிக்கொண்டு நடக்கும் மனிதராக இருக்கின்றார். இந்த அரையடி வேறுபாட்டை நாம் எந்த உளவியல் நூலிலும் படித்ததில்லை.

யானையைச் சுற்றி வருதல்

அன்றைய வகுப்பை முடிக்கும்போது, வழக்கம்போல் அநேகாந்தத்தை விளக்கும் யானைக் கதையைச் சொன்னோம். பார்வையற்றோர் பலர் யானையைத் தடவிப் பார்த்து, ஒருவர் தூண் என்றும், ஒருவர் முறம் என்றும், ஒருவர் கயிறு என்றும் வழக்காடிய அக்கதையை அறியாதார் இல்லை. விருந்தினர் முன்னிலையில் அதனைச் சொல்லுகிறோமே என்னும் எண்ணம்கூட நமக்கு எழவில்லை. அவர் சினம் கொள்ளவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

“காலைத் தொட்டவர் ஏன் காலடியிலேயே நின்றுவிட்டார் அம்மா? எங்களில் யாரும் அப்படி நிற்க மாட்டார்கள். கையால் அறிகிறவன் சுற்றி வந்துதான் அறிவான். பக்கத்தில் இருப்பவனையும் கேட்பான். நின்ற இடத்தில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைப்பது கண் உள்ளவர்களின் பழக்கம் அல்லவா?”

அச்சொல் இன்றும் நம் செவியில் ஒலிக்கின்றது. கதையின் தத்துவத்தில் குறையில்லை. முற்றுணர்ந்த கேவலியைத் தவிர மற்றெவரும் பொருளின் ஒரு கூற்றையே அறிகின்றனர். ஆதலின் எதனையும் ‘ஒருவாற்றான்’ என்று அளவிட்டே உரைத்தல் வேண்டும் என்பது நம் சமயத்தின் தனிப்பெருஞ் செல்வம். ஆனால் எல்லோருக்கும் அநேகாந்தத்தைப் போதித்த நாம், அக்கதையில் வரும் மனிதர்களிடத்து அதனைக் கடைப்பிடிக்கவில்லை. யானையின் காலைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றவர் நாமே. பத்து நிமிடம் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு வாழ்க்கை முழுவதையும் கண்டுவிட்டதாகத் தீர்ப்பு எழுதினோம்.

அன்பினால் மூடிய கதவு

இது வெறும் அறிவுப் பிழையாக நின்றிருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்கமாட்டோம். சில ஆண்டுகளுக்குப் பின்னர் அம்பத்தூரில் ஒரு திருமணத்தில் பழைய மாணவி ஒருத்தியைக் கண்டோம். அந்த அன்பர் நம் வகுப்பிற்கு வருவதற்கு முந்திய ஆண்டுகளில் பயின்றவள். அப்போது ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. நம் கைகளைப் பற்றிக்கொண்டு அவள் கூறியது இது: பார்வையற்ற பெண் குழந்தையை ஒரு தாய் முதல் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தாளாம். “நீங்கள் எங்கள் கண்ணைக் கட்டி நடக்கவைத்ததை நான் மறக்கவே இல்லை அம்மா. அந்த இருட்டில், இத்தனை பிள்ளைகள் நடுவில், அந்தக் குழந்தை எப்படித் தவிக்கும்? மனம் கேட்கவில்லை. அன்பாகப் பேசி, வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.”

அதனைக் கூறும்போதும் அவள் கண்கள் கலங்கின. அவள் கல்நெஞ்சக்காரி அல்லள்; நம் பாடத்தை நன்றாகக் கற்றவள். பூந்தமல்லி அன்பர் சொன்னவற்றை அவளுக்கு எடுத்துரைத்தோம். அவள் முகம் வாடிற்று. பின்னர் அந்தக் குடும்பத்தைத் தேடிச் சென்றபோது, அவர்கள் வீடு மாற்றிப் போய்விட்டனர் என்று கடிதம் எழுதினாள். அக்குழந்தை இன்று எங்கே, எவ்வாறு இருக்கின்றாள் என்பது நமக்குத் தெரியாது.

இரக்கமில்லாதவர் கதவை மூடினால் அதனை இம்சை என்று உடனே அறிந்துகொள்கிறோம். இரக்கத்தால் மூடப்படும் கதவை இம்சை என்று எவரும் எண்ணுவதில்லை. மூடப்பட்டவருக்கோ இரண்டும் ஒரே கதவுதான்.

நாம் பயிற்சியை நிறுத்தி நெடுங்காலம் கழிந்த பின்னர், 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு இதனையே உறுதி செய்தது. அமெரிக்காவில், தாமே பார்வையற்றவரான ஏரியல் சில்வர்மன் என்னும் உளவியலாளர் தம் துணைவர்களுடன் இத்தகைய கண்கட்டுப் பயிற்சியை ஆராய்ந்தார். பயிற்சி பெற்றவர்கள், பார்வையற்றோர் வேலை செய்யவும் தனித்து வாழவும் ஆற்றல் குறைந்தவர்கள் என்று கருதத் தலைப்பட்டனர் என்பது அவருடைய முடிவு. இரக்கம் வளர, மதிப்பு தேய்ந்தது.

வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1780களில் பாரிசு நகரில் வாலந்தேன் ஆயி என்னும் பெருந்தகை பார்வையற்ற குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவருடைய கருணையில் குறைகாண இயலாது. நாம் கண்ணால் படிக்கும் எழுத்தையே தாளில் புடைக்கச் செய்தால் அவர்கள் விரலால் படிப்பர் என்று கருதி அவ்வாறே நூல்கள் செய்தார். ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலால் தேடித் தேடிப் படிக்கவேண்டியிருந்தது. எழுதுவதோ அதனினும் அரிது. கண் உள்ளவர் விரலின் இடத்தில் தம் கண்ணை வைத்துச் சிந்தித்ததன் விளைவு அது. அப்பள்ளியில் பயின்ற லூயி பிரெயில் சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். இராணுவத்தினர் இருளில் படிப்பதற்கெனச் சொல்லப்பட்ட புள்ளி முறையைச் சுருக்கி, விரல் நுனியில் ஒரே தொடுகையில் அடங்கும் ஆறு புள்ளிகளால் தம் எழுத்தை அமைத்தார். அப்போது அவருக்கு வயது 15. 1829இல் அது நூலாக வெளிவந்தது. கண் உள்ள ஆசிரியர்கள் தங்களால் படிக்க இயலாத எழுத்தை ஏற்கத் தயங்கினர். 1852இல் அவர் மறைந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்தே பிரான்சு அதனை முறைப்படி ஏற்றது. நம் நாட்டு மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் வகுக்கப்பட்டது. இன்று பூந்தமல்லிப் பிள்ளைகள் தமிழைப் படிப்பது அந்த ஆறு புள்ளிகளால்தான். உயிர்களை அறிவினால் வகுக்கும் நம் ஆன்றோர், ஓரறிவுயிர் முதல் அனைத்திற்கும் பொதுவாக வைத்தது தொடு உணர்வே என்பதும் இங்கு நினைக்கத் தக்கது.

ஒரு சொல் கேட்டல்

எதற்கும் கேட்டுக்கொண்டிருந்தால் உதவி தாமதமாகாதா என்று வாசகர் வினவக்கூடும். விழுபவரைத் தாங்குவதற்கு இசைவு வேண்டியதில்லை. வாகனம் வரும்போது பிடித்து நிறுத்துவதே அறம். ஆனால் வாழ்நாளில் அத்தகைய நொடிகள் மிகச் சிலவே. மற்றப் பொழுதெல்லாம் ஒரு சொல் கேட்பதற்கு நேரம் உண்டு. வாய் பேசாத உயிர்களிடம் கேட்க இயலாது. ஆதலின் அவற்றிற்குத் தீங்கு செய்யாது விலகி நடக்கிறோம். எறும்புக்கும் வழிவிட்டு நடக்கும் நாம், பேச வல்ல மனிதரை ஒரு சொல்லும் கேளாமல் இழுத்துச் செல்வது எவ்வாறு பொருந்தும்?

இப்பழக்கம் பார்வையற்றோர் அளவில் நிற்பதுமன்று. சென்ற ஆண்டு நமக்குக் கண்புரை அறுவை நடந்தது. கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்த அந்நாளில், பொழுது சாய்வதற்குள் உண்ணவேண்டி மகனுடன் ஓர் உணவகத்திற்குச் சென்றோம். பரிமாறுபவர் மகனைப் பார்த்து, “பாட்டிக்கு என்ன வேண்டும்?” என்றார். “அம்மாவுக்கு இட்லி போதும்” என்றான் மகன். அவன் அன்பில் ஒரு குறையும் இல்லை. நமக்கோ அன்று நெய் தோசை உண்ண ஆசை. பூந்தமல்லி அன்பரின் குரல் நினைவிற்கு வந்தது. அவருடைய வாழ்க்கையை அறிந்துவிட்டோம் என்று இப்போதும் சொல்லத் துணியோம்; அவர் சொன்னவற்றுள் ஒன்றை, ஒருவாற்றான், அறிந்தோம்.

நம் இல்லங்களில் மருமகளின் களைப்பையும், மதிப்பெண் குறைந்த பேரனின் மௌனத்தையும், தனித்திருக்கும் முதியவரின் சினத்தையும் நாமே ஊகித்து, நாமே மருந்தும் அளித்துவிடுகிறோம். ‘உன் நிலையில் நான் இருந்தால்’ என்று தொடங்குகிறோம். அந்நிலையில் இருப்பவர் நாம் அல்லரே! ‘உனக்கு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டு, விடை வரும் வரை பொறுத்திருந்து, வந்த விடை நம் ஊகத்திற்கு மாறாக இருப்பினும் ஏற்றுக்கொள்வதே பிறர் துன்பம் அறியும் வழி.

பிரதிக்கிரமணத்தில் ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் ஈறாக, அறிந்தும் அறியாதும் செய்த தீங்கிற்கெல்லாம் பொறுத்தருள வேண்டுகிறோம். அதனை ஓதும் பொழுதெல்லாம், பள்ளி வாயிலிலிருந்து தாயின் கையைப் பற்றித் திரும்பிச் சென்ற, முகம் அறியாத அந்தச் சிறுமியை நாம் நினைத்துக்கொள்கிறோம். அவளுக்கு என்ன வேண்டும் என்று அன்று அங்கே எவரும் அவளைக் கேட்கவில்லை.