சிலம்பை உடைத்த சினம்

மதுரை என்றதும், அது எரிந்த கதை நினைவுக்கு வருகிறது. கதைதான், ஒருத்தியின் சினத்தால் நகரம் பற்றி எரியும் என்று நம்புகிறவர்கள் அல்லர் நாம். ஆயினும் இளங்கோவடிகள் தீட்டிய அந்தச் சித்திரத்தில், நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியொன்று புதைந்து கிடக்கிறது.

கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியன், சினத்திலா சொன்னான்? இல்லை. அரசியின் ஊடலைத் தணிக்கச் செல்லும் அவசரத்தில், பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரியாமல் சொன்னான். கொதிக்காத உள்ளத்தில் பிறந்த கொலை அது! கொதித்தவள் கண்ணகி. அந்தக் கொதிப்போடு அவைக்கு வந்தவள் செய்தது என்ன? சிலம்பை உடைத்தாள், உள்ளிருப்பது முத்தன்று, மாணிக்கம் என்று காட்டினாள். சான்று பேசிற்று, மன்னன் வீழ்ந்தான். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் மதுரை எரிந்தது. சிலம்பை உடைத்த சினம் வேறு, ஊரை எரித்த சினம் வேறு. முன்னதைக் காத்துப் பின்னதைத் தணிக்க வழியுண்டா?

உண்டு என்கிறார்கள் உளநூல் வல்லார். அமெரிக்க அறிஞர் ரேமண்ட் நோவாகோ 1975இல் வெளியிட்ட முறையில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. எது நம்மைச் சீண்டுகிறது என்று முன்னரே அறிதல். உடல் முறுக்கேறும்போது மூச்சைச் சீராக்கித் தளர்த்துதல். சீண்டும் காட்சியை மனத்தில் வரவழைத்தும், நடித்துப் பார்த்தும் பழகுதல். அவ்வளவே. 'கொட்டித் தீர்த்தால் கோபம் ஆறும்' என்பது திண்ணைப் பேச்சு. பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைச் சீண்டியவனை நினைத்தபடி குத்துமூட்டையைக் குத்தியவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடச் சினம் மிகுந்தே காணப்பட்டார்கள்.

நன்று. ஆனால் தோழர்களே, இந்தப் பயிற்சி யாருக்கு? பொறுமை, பொறுமை என்று காலங்காலமாக ஓதப்பட்டது யார் காதில்? ஓங்கி நின்றவன் சினந்தால் அது மானம். ஒடுங்கிக் கிடந்தவன் சினந்தால் அது திமிர்!

மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தைப் பாருங்கள். 1989இல் சாதிக் கலவரத்தை அடுத்து எழுந்த மதில், ஒடுக்கப்பட்ட மக்களைப் பிரித்து நிறுத்தியபடி 19 ஆண்டுகள் நின்றது. சினம் சில நாழிகையில் ஆறும். கல்லின்மேல் கல்லாக அடுக்கி, ஆண்டுக்கணக்கில் காத்து நின்றது சினமா? அது வன்மம். அதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் பொதுவுடைமைத் தோழர்களும் விடாது போராடியதன் பின்னரே, 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் மதிலின் ஒரு பகுதியை இடித்தது. அப்போதும், இடித்ததற்காகச் சினந்து ஊரைவிட்டு மலையடிவாரத்தில் போய்த் தங்கியோர் உண்டு. இரு சாராரும் ஒப்பந்தம் கண்டது 2011இல்தான்.

அப்படியானால் போராடும் இளைஞனுக்குப் பயிற்சியே வேண்டாமா? வேண்டும், அடங்கிப் போவதற்கன்று. நம் நாகபுரியில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய ஜேம்ஸ் லாசன் என்னும் கறுப்பினத் தோழர், அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மாணவர்களைப் பழக்கினார். சிலர் அமர்ந்திருக்க, சிலர் வெள்ளை வெறியராக நடித்து வைதார்கள், தள்ளினார்கள். 1960 பிப்ரவரியில் அந்த மாணவர்கள், கறுப்பருக்கு இடமில்லாத உணவுக் கடைகளில் சென்று அமர்ந்தார்கள். அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிபட்டவர்களைச் சிறைப்படுத்தியது காவல்துறை. கை ஓங்கப்படவில்லை; ஆகவே குற்றவாளி யார் என்பது ஊரறிந்தது. அதே ஆண்டு மே 10 அன்று அக்கடைகளில் கறுப்பருக்கும் உணவு பரிமாறப்பட்டது. சினம் இல்லாதவர்களா அவர்கள்? சிலம்பைக் கையில் வைத்திருந்தவர்கள்!

எங்கேனும் ஒரு தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை எஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் தோழர் அதை ஓங்கி உடைத்தால், அன்று மாலையே அது அடிதடி வழக்காகிவிடும். குவளையைப் பற்றி எவரும் பேசமாட்டார். உடைக்காமல், சாட்சிகளோடு நின்று, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி புகார் எழுதினால், பேசப்படுவது குவளைதான். ஆனால் அந்த நேரத்தில் கை நடுங்காமல் எழுதுவது எளிதா? வீட்டில் கண்ணை மூடி அமர்ந்தால் மட்டும் வந்துவிடாது. அடுத்த ஞாயிறு படிப்பகத்தில் கூடும்போது ஒருவர் கடைக்காரராகட்டும், இருவர் ஏசட்டும், ஒருவர் எழுதட்டும். கடைக்காரர் வேடத்திற்கு எளிதில் ஆள் கிடைக்காது. ஆதலால் முறை வைத்துக்கொள்வோம்.