விருந்துக்கு வந்த குரல்

நாட்டுப்பாடகி ஒருத்தி சினிமாவுக்குப் போய் ஒரு பாட்டுப் பாடிவிட்டு வருவதைப் பற்றி நம் வட்டத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ஒன்று, அவள் கெட்டுப்போனாள் என்பது. மற்றது, அவள் பிழைத்துக்கொண்டாள் என்பது. முதலாவதைச் சொல்கிறவர்கள் கலையின் தூய்மை பற்றிக் கவலைப்படுகிறவர்கள். இரண்டாவதைச் சொல்கிறவர்கள் தங்களை யதார்த்தவாதிகள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள். இரு சாராரும் போனவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அழைத்தவனைப் பற்றிப் பேசுவதில்லை. நான் அழைத்தவனைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. காரணம், சிறிய அளவில், சினிமாக்காரனுக்குக் கிடைக்கிற பணமோ புகழோ இல்லாமல், நானும் அப்படி ஒருத்தியை அழைத்தவன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

1985-ல் வந்த 'ஆண்பாவம்' படத்தில் கொல்லங்குடி கருப்பாயி பாட்டியாக நடித்துப் பாடவும் செய்தார். அதற்கு முன்பே அவர் வானொலியில் பாடியவர். 1994-ல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்'பில் தேனி குஞ்சரம்மாளின் குரல் வந்தது. 2003-ல் 'தூள்' படத்தில் பரவை முனியம்மா. 2008-ல் 'காதலில் விழுந்தேன்' படத்தில் சின்னப்பொண்ணு. 2020-ல் மலையாளப் படமான 'அய்யப்பனும் கோஷியும்' வழியாக அட்டப்பாடியின் நஞ்சம்மா, தன் இருளர் மொழியில். இவர்களில் யாருமே சினிமாவின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை. ஒரு படத்துக்கு, ஒரு பாட்டுக்கு, சில சமயம் ஒரு பாட்டின் நாலு வரிக்கு என்று அழைக்கப்பட்டவர்கள். வந்த அன்று வரவேற்பு பலமாக இருந்தது. மறு படத்துக்கும் அதே குரலை அழைப்பார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஒரு பெரிய நடிகர் இரண்டு காட்சியில் தலைகாட்டிவிட்டுப் போனால் அதற்குச் சினிமாவில் 'கௌரவத் தோற்றம்' என்று பெயர். கௌரவம் யாருக்கு என்பதில் அங்கே சந்தேகமில்லை. வந்தவரால் படத்துக்குக் கௌரவம். நாட்டுப்பாடகி வரும்போது இது அப்படியே தலைகீழாகிறது. அழைத்ததால் அவளுக்குக் கௌரவம் என்று ஆகிவிடுகிறது. 'வாய்ப்புக் கொடுத்தார்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார்? கருப்பாயிக்குப் பாட்டு கற்றுக் கொடுத்தது எந்த ஸ்டூடியோவும் இல்லை. ஸ்டூடியோவுக்கு இல்லாத ஒன்று அவரிடம் இருந்ததால்தான் கொல்லங்குடிக்கு ஆள் போயிற்று.

'விருந்து' என்ற சொல்லுக்குத் தமிழில் முதல் பொருள் புதுமை என்பது. தொல்காப்பியம் செய்யுளின் எட்டு வனப்புகளில் ஒன்றாக விருந்தைச் சொல்கிறது. புதிதாகப் பாடப்படுவது என்பது அங்கே அதன் பொருள். வீட்டுக்கு வரும் விருந்தாளியும் புதியவன் என்பதாலேயே விருந்தாளி. நம் திரையிசைக்கு நாட்டுக்குரல் இந்தப் பழைய அர்த்தத்தில்தான் விருந்து. பழகிப்போன வாத்தியங்களுக்கும் பழகிப்போன குரல்களுக்கும் நடுவே ஒரு புதுமை. அதில் தவறில்லை. விருந்தாளியிடம் நாம் என்ன எடுத்துக்கொள்கிறோம், எதை அவள் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறோம் என்பதுதான் கேள்வி.

2010 கோவை செம்மொழி மாநாட்டுக்காக ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த பாட்டை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு மொழிக்கு அஞ்சலியாகப் பல குரல்களைச் சேர்த்துக் கட்டியது. டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் அருணா சாய்ராமும் இருக்கிற அந்த வரிசையில் சின்னப்பொண்ணுவும் உண்டு. அவர் குரல் அங்கே எதற்காக? நாட்டுப்புறம் என்று ஒன்று இருக்கிறது என்பதற்குச் சாட்சியாக. சாட்சி கூண்டில் ஏறி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி இறங்குகிறது. இத்தகைய அஞ்சலிப் பாட்டுகள் உலகம் முழுவதும் உண்டு. ஒரு குரல் அதில் தான் பாடுவதற்காக அல்ல, தான் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டுவதற்காகவே அழைக்கப்படுகிறது.

நஞ்சம்மா விஷயத்தில் இது வெளிப்படையாகவே பேசப்பட்டது. 2022-ல் அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டதும், சுருதிக்குக் கட்டுப்பட்டுப் பாடத் தெரியாதவருக்கு இது எப்படி என்று ஆட்சேபம் எழுந்தது. வாழ்நாளெல்லாம் சாதகம் செய்தவர்களுக்கு இது அவமானம் என்றார்கள். சாதகம் செய்தவர்களின் ஆதங்கத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அந்த ஆட்சேபத்தின் உள்ளே இருப்பது ஒரு வீட்டுச் சட்டம். விருந்தாளி திண்ணையில் உட்காரலாம், சாப்பிடலாம், பாராட்டும் பெறலாம். பட்டா மட்டும் கேட்கக் கூடாது.

இங்கே நண்பர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். நாட்டுப்பாடல் யாருக்கும் சொந்தமில்லை. அது தாயிடமிருந்து மகளுக்கு, நடவு வயலிலிருந்து நடவு வயலுக்கு வந்தது. அதற்குப் பெயரும் உரிமையும் கேட்பதே முதலாளித்துவ மனப்பான்மை. கேட்க நன்றாக இருக்கிற வாதம். இதில் பாதி உண்மையும் உண்டு. எந்தப் பாடகியும் இது நான் உண்டாக்கியது என்று சொல்ல மாட்டாள். ஆனால் யாருக்கும் சொந்தமில்லாதது, கடைசியாக அதன்மேல் கையெழுத்துப் போட்டவனுக்குச் சொந்தமாகிவிடுவது எப்படி?

நான் வங்கியில் குமாஸ்தா. இந்த ஒரு விஷயத்தில் என் உத்தியோகம் என் விமர்சனத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. ஒரு கணக்கில் பணம் போட்டவர் பத்து வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. கடிதம் திரும்பி வந்துவிட்டது. ஆள் இருக்கிறாரா, செத்துவிட்டாரா தெரியாது. அந்தப் பணம் வங்கியினுடையது ஆகிவிடுமா? ஆகாது. 2014-லிருந்து அப்படிப்பட்ட தொகையை ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் ஒரு நிதிக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விதி. மாற்றின பிறகும், என்றைக்காவது அந்த மனிதரோ வாரிசோ அத்தாட்சியோடு கவுண்ட்டரில் வந்து நின்றால், கொடுத்தாக வேண்டும். சொந்தக்காரன் தெரியவில்லை என்பது, நான் சொந்தக்காரன் இல்லை என்பதை மாற்றுவதில்லை. ஒரு கடைநிலைக் கிளையின் பேரேட்டில் இருக்கிற இந்தச் சாதாரண தர்மம் நம் கலாசாரத் துறையில் இல்லை.

இப்படி வாரிசைத் தேடிப் போன ஒரு சம்பவம் அமெரிக்காவில் நடந்தது. 1959-ல் ஆலன் லோமாக்ஸ் என்ற சேகரிப்பாளர் மிஸ்ஸிஸிப்பிச் சிறை ஒன்றில், கோடரியால் மரம் வெட்டிக்கொண்டே பாடிய கறுப்புக் கைதிகளின் பாட்டைப் பதிவு செய்தார். முன்பாட்டுப் பாடியவர் ஜேம்ஸ் கார்ட்டர். நாற்பது வருஷம் கழித்து, 2000-ல், கோயன் சகோதரர்களின் ஒரு படம் அந்தப் பதிவோடு தொடங்கியது. படத்தின் இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்று, 2002-ல் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று கிராமி விருதும் வாங்கிற்று. அதை உருவாக்கியவர்களும் லோமாக்ஸின் ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தவர்களும் கார்ட்டரைத் தேடினார்கள். சிக்காகோவில் கிடைத்தார். 20,000 டாலருக்குச் செக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டைப் பாடியதே அவருக்கு ஞாபகம் இல்லை.

நல்ல காரியம்தான். ஆனால் இந்தக் கதை எனக்கு முழு நிம்மதி தரவில்லை. அவர் மறந்துபோனது எதை? அந்தப் பாட்டு கேட்பவர்களுக்காகப் பாடப்பட்டது அல்ல. எல்லாக் கோடரிகளும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும், ஒருவன் பின்தங்கினால் அடி விழும், அதற்காகப் பாடியது. செக்கில் கார்ட்டரின் பெயர் இருந்தது. பக்கத்தில் நின்று வெட்டினவனின் மூச்சுக்கு எந்தச் செக்கிலும் இடமில்லை.

நம் ஊரில் பெயருக்கான கணக்கே இன்னும் ஒழுங்காகவில்லை. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், நிகழ்த்துகிறவருக்கு ராயல்டியும், தன் நிகழ்த்துதலோடு தன் பெயர் சேர்ந்திருக்கும் தார்மீக உரிமையும் உண்டு என்கிறது. 2015-ல் பரவை முனியம்மா நோயிலும் வறுமையிலும் இருந்தபோது அவர் பேரில் 6 லட்சம் ரூபாய் போட்டு வைக்கப்பட்டது. அது உதவி என்ற தலைப்பில் வந்தது. உதவிக்கு நன்றி சொல்ல வேண்டும். வரவேண்டிய பாக்கிக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாடு முழுவதும் கேட்ட ஒரு குரல் கடைசிக் காலத்தில் நன்றி சொல்லும் இடத்தில் நிறுத்தப்பட்டதில் நமக்கெல்லாம் பங்கு உண்டு. 2020-ல் அவர் இறந்தார். 2025-ல் கருப்பாயியும்.

இப்போது என் கணக்கு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பொதட்டூர்பேட்டையில், தார் சுற்றிப் பிழைத்துக்கொண்டிருந்த ஒரு ஆயாவைத் தெரியும். முதியோர் பென்ஷனுக்காக எங்கள் கவுண்ட்டருக்கு வருவாள். ஒப்பாரி பாடுவாள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம். மின்சாரம் நின்ற ஒன்றரை மணி நேரத்தில் ஐந்து பாட்டுப் பாடினாள். செல்போனில் பதிவு செய்துகொண்டேன். பி.ஏ. இங்கிலீஷ் படித்தவனுக்கு ஒப்பாரி கிடைத்தால் என்ன செய்வான்? எலிஜியையும் ஒப்பாரியையும் ஒப்பிட்டு நாலு பக்கம் முன்னுரை எழுதி, ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்பினேன். 'தொகுப்பு' என்று போட்டு என் பெயர். அடியில், 'பொதட்டூர்பேட்டை வட்டாரத்தில் சேகரித்தவை' என்று ஒரு வரி. வட்டாரத்துக்குப் பெயர் இருந்தது, ஆயாவுக்கு இல்லை.

இன்னொன்றும் செய்தேன். ஒரு பாட்டில் பாதிக்குப் பாதி தெலுங்கு. எங்கள் பக்கம் அது அதிசயமில்லை. திருத்தணி தாலுகாவே 1960-ல்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் வந்தது. வீட்டில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி. ஆனால் தெலுங்கு அடிகள் லயத்தைக் குலைப்பதாக எனக்குப் பட்டது, வாசகருக்கும் புரியாது. எடுத்துவிட்டேன். பாட்டு கச்சிதமாக, நவீன கவிதை மாதிரியே ஆயிற்று. இரண்டு கவிஞர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள்.

அடுத்த பென்ஷன் தேதியில் பத்திரிகையைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"யாருக்கோசரம் பாடினதுன்னு எழுதினியா நைனா?"

நான் அவள் பெயரைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "விட்டுப்போச்சு ஆயா. அடுத்த தபா உன் பேரைப் போட்டுடறேன்" என்றேன்.

"எம் பேரு இன்னாத்துக்கு? அது என் தங்கச்சிக்குப் பாடினது. நகரியிலே கட்டிக்குடுத்தோம். அவ மாமியா வூட்டு ஜனம் சுத்தி நின்னுக்கினு இருந்தாங்க. அவங்களுக்குப் புரியணும்னுதானே தெலுங்குல பாடினேன்."

அவ்வளவுதான். ரேகை வைத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் நீக்கிய அடிகள்தான் அந்தப் பாட்டு. மீதியெல்லாம் எல்லா ஒப்பாரியிலும் இருப்பது. அந்த அடிகளில்தான் ஒரு பெண், இன்னொரு பெண்ணின் பிணத்தருகே உட்கார்ந்து, எதிரே நின்றவர்களை அவர்கள் மொழியிலேயே குற்றம் சாட்டியிருக்கிறாள். வேறெங்கும் சொல்ல முடியாததை அழுகையின் மறைவில் சொல்லியிருக்கிறாள். அதை நான் ரசனையின் பேரில் வெட்டினேன். சண்டைக் காட்சிக்கு முனியம்மாவின் குரலை வைத்த சினிமாக்காரரைப் பற்றி ஒரு காலத்தில் நான் காட்டமாகப் பேசியிருக்கிறேன். அவர் குரலை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டார், ஆனால் முனியம்மாவைத் திரையில் நிற்கவாவது வைத்தார். நான் ஆளையும் எடுத்துவிட்டேன், பாட்டு யாரை நோக்கிப் போயிற்றோ அவர்களையும் எடுத்துவிட்டேன்.

ஆகவே கடன் இரண்டு. பாடினவருக்குச் சேர வேண்டிய பெயரும் பணமும் ஒன்று. இது தீர்க்கக்கூடிய கடன். சட்டம் இருக்கிறது, செக் இருக்கிறது, தேடிப் போக மனம் வேண்டும். மற்றது, பாட்டு எதற்காக, யார் முன்னால் பாடப்பட்டதோ அந்தத் தருணத்துக்கான கடன். ஸ்டூடியோவுக்கோ சிறுபத்திரிகைக்கோ வருகிற எந்தப் பாட்டும் அந்தத் தருணத்தை விட்டுவிட்டுத்தான் வருகிறது. இதைத் தீர்க்க முடியுமென்று நான் நினைக்கவில்லை. தீர்க்க முடியாத கடனை வாராக்கடன் என்று தள்ளுபடி செய்வது வங்கியில் நடக்கிற காரியம். இங்கே அதைச் செய்யாமல், பாக்கி என்றே எழுதி வைத்திருப்பதுதான் நாணயம் என்று எனக்குத் தோன்றுகிறது. 'நாட்டுப்புறப் பாடல்' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வது தள்ளுபடிதான்.

ஆயா இப்போது இல்லை. அவள் பெயரையும் தங்கை பெயரையும் இங்கே எழுதலாமா என்று கேட்க ஆளில்லாததால் எழுதவில்லை. இது மறுபடியும் அதே தவறாகவும் இருக்கலாம். பதிவு என்னிடம் இருக்கிறது. நீக்கிய தெலுங்கு அடிகளை எழுத்தில் இறக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்று இடங்களில் சொல் பிடிபடவில்லை. நகரிக்கு பஸ் ஏறினால் சொல்லித்தர ஆள் கிடைக்கும். ஆனால் அது சிறிய ஊர். அந்தக் குரலை அங்கே ஒரு டீக்கடையில் போட்டுக் காட்டினால், எந்த வீட்டுக்கு அது போய்ச் சேர வேண்டுமென்று பாடப்பட்டதோ, அந்த வீட்டுக்கே போய்ச் சேரலாம். அதைச் செய்ய எனக்கு உரிமை இருக்கிறதா, செய்யாமல் இருக்க உரிமை இருக்கிறதா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.