அழித்தலும் மறைத்தலும்

புக்கிட் பாஞ்சாங் வழியே ஓடிய மலாயா இரயில் 2011 ஜூன் 30ஆம் நாளோடு ஓய்ந்தது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, ஆயினும் அவை கிடந்த தடம் பசுமைப் பாதையாய் இன்றும் நீள்கிறது.

கணினிக் கோப்பின் நிலையும் இத்தகையதே. குப்பைத்தொட்டியில் இடப்பட்டது இடம் மாறுகிறதேயன்றி அழிவதில்லை. தொட்டியைக் காலிசெய்தாலும், வன்தட்டில் பெரும்பாலும் முகவரிக் குறிப்பே நீங்குகிறது; அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழையது எஞ்சி நிற்கும்.

தவறி அழித்தவர்க்கு இஃது அருள். பிறர் மறைபொருளைக் காப்பவர்க்கோ எச்சரிக்கை. மாணவரின் மதிப்பெண்ணும் குடும்பநிலையும் அடங்கிய கணினியைக் கைமாற்றும் ஆசிரியர், ‘அழித்துவிட்டேன்’ என்பது மெய்யாகுமா? தேவை தீர்ந்த தனிநபர் தகவலை நிறுவனங்கள் வைத்திருத்தலாகாது என்கிறது சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டம். சட்டம் எட்டாத இடத்திலும் நம்பிக்கை உண்டு. தம் கண்ணுக்கு மறைந்ததே போதுமென அமைதல் அறமன்று. எவர் கண்ணுக்கும் மீளாதவாறு துடைத்தலே சொல்லைக் காத்தலாகும்.