களஞ்சியமும் கப்போர்டும்



மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஜவுளிக்கடைகளில் ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருக்கும் நாள்களில்தான் இந்த நற்செய்தி நம் காதில் விழுகிறது. வாசகங்களை வகுத்தவர்களுக்கு தி.நகரும் தெரியாது, ஆடி மாதமும் தெரியாது. ஆனாலும் பொதுக்காலத்தின் 18-ஆம் ஞாயிறு ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் முதல் வாரத்திலோதான் வரும். இயேசு அதில் சொல்லும் உவமையில், விளைச்சல் மிகுந்த ஒருவன், வைக்க இடம் போதவில்லை என்று களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போடுகிறான். அன்று இரவே அவன் உயிர் திரும்பக் கேட்கப்படுகிறது.

நம்மில் பலரிடம் களஞ்சியம் இல்லை. கப்போர்டு இருக்கிறது. வீடு மந்திரிக்கப் போகும்போது, முன்பெல்லாம் முதலில் திருஇருதயப் படத்தைக் காட்டுவார்கள். இப்போது படுக்கையறைக்கு அழைத்துப் போய், சுவர் முழுக்க அடித்த புதுக் கப்போர்டைத் திறந்து காட்டுகிறார்கள். “ஃபாதர், இங்கேயும் கொஞ்சம் தீர்த்தம் தெளிச்சிடுங்க.” தெளிக்கிறேன். எனக்கு அதில் தயக்கமே இல்லை.

ஏனென்றால் நன்றாக அடித்த கப்போர்டு நல்ல வேலை. உள்ளே இரண்டடி ஆழம் வைப்பார்கள். ஹேங்கர் ஒன்றரை அடி அகலம். ஆழம் குறைந்தால் சட்டைத் தோள் கதவில் இடிக்கும். நீளமான உடுப்புக்குத் தனிப் பகுதி, மடித்து வைப்பதற்குத் தட்டு, மேலே லாஃப்ட். வெளிச்சுவரில் ஈரம் ஏறுகிற வீடென்றால், விவரம் தெரிந்த ஆசாரி பலகையைச் சுவரோடு ஒட்டி அடிக்க மாட்டார். இழுப்பறைக்குப் பொருத்தும் சேனல் ஒரு நூல் ஏறி இறங்கினாலும் திறக்கும்போது சிக்கும். அந்த ஒரு நூலுக்காக இரண்டாம் முறை கழற்றி மாட்டுகிறவரைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். நம் ஆண்டவரும் தச்சர் என்றே ஊரில் அறியப்பட்டவர்.

சேர்த்து வைப்பதும் பாவமல்ல. எகிப்தில் யோசேப்பு ஏழு ஆண்டு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை நகரம் நகரமாகச் சேர்த்து வைத்தார். பஞ்சம் வந்தபோது திறந்தார். அவரைக் குழியில் போட்டு விற்ற அண்ணன்மாரும் அந்தத் தானியத்தில்தான் பிழைத்தார்கள். இன்றைய உவமையில் வரும் செல்வனும் கட்டத்தான் நினைத்தான். அவன் பேச்சை மறுபடி கவனியுங்கள். அதில் மனைவி இல்லை, பிள்ளை இல்லை, அறுவடை செய்த கூலியாள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் இல்லை. தனக்குத் தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லிக்கொள்கிறான். அவ்வளவு பெரிய களஞ்சியத்தில் இன்னொருவருக்கென ஒரு படி நெல்கூட அவன் கணக்கில் வரவில்லை.

இதே உவமையை வைத்து ஒருவர் 4-ஆம் நூற்றாண்டில் பேசியிருக்கிறார். புனித பெரிய பசிலியார். இன்றைய துருக்கியில் உள்ள செசரியா நகரில், 369-ஆம் ஆண்டு வாக்கில், கடும் பஞ்சம். மழை இல்லை. வசதி உள்ளவர்கள் தானியத்தைப் பூட்டி வைத்து விலை ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். அப்போது அவர் ஆயர்கூட அல்ல, குரு. நீ பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் மேலாடை ஆடையில்லாதவனுடையது என்று நேருக்கு நேர் வாதாடினார். உடுத்தியிருப்பவனின் ஆடையைப் பறிப்பவன் திருடன் என்றால், உடுத்த இல்லாதவனுக்குக் கொடுக்க முடிந்தும் கொடாதவனுக்கு வேறு என்ன பெயர் என்று கேட்டார். வெறும் பேச்சோடு நிற்கவில்லை. பசித்தவர்களைக் கூட்டி, தாமே நின்று உணவு பரிமாறினார். நான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுவதில்லை. பேச வேண்டுமோ என்று சில நேரம் தோன்றும்.

சரி, வீட்டில் கப்போர்டு வேலை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் முதலில் இன்டீரியர்காரரை வரவழைத்து அளவெடுக்கச் சொல்கிறோம். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்து, அதன்பிறகு துணிகளை அடுக்குகிறோம். இடம் மிச்சம் இருந்தால் வாங்கி நிரப்புகிறோம். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். அளவு நாடா வீட்டுக்குள் வருவதற்கு முன்னால், எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் கொட்டுங்கள். பாச்சை உருண்டை வாசனையோடு என்னென்ன வெளியே வருகிறது பாருங்கள். இடுப்பு ஏறாத பேன்ட். ஒரே கல்யாணத்துக்குக் கட்டி, சரிகை மடிப்பில் இற்றுக்கொண்டிருக்கும் பட்டு. விசேஷ வீடுகளில் வைத்துக் கொடுத்த சட்டைத் துணியும் ரவிக்கைத் துணியும், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், தைக்காமல். மறைந்த அம்மாவின் சேலை, பிள்ளையின் புதுநன்மை உடுப்பு இவை இருக்கட்டும். அவற்றை யாரும் கேட்கவில்லை. மற்றவற்றைப் பிரித்த பிறகு எஞ்சுகிற துணிக்குக் கப்போர்டு அடியுங்கள். பாதிப் பேருக்கு லாஃப்ட் தேவைப்படாது என்று நினைக்கிறேன். பிளைவுட் செலவும் குறையும்.

திருத்தூதர் பணிகள் நூலில் யாப்பா ஊர்த் தபித்தா இறந்ததும் பேதுருவை வரவழைக்கிறார்கள். கைம்பெண்கள் அழுதுகொண்டே அவரிடம் எதைக் காட்டினார்கள்? தபித்தா தைத்துக் கொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும். அந்த அம்மாவின் துணிகள் ஊர்ப் பெண்களிடம் இருந்தன. உங்கள் வீட்டில் தைக்காமல் கிடக்கும் துணியைத் தைத்துக் கொடுக்கப் பங்கில் பெண்கள் இருக்கிறார்கள்.

கொடுப்பதிலும் ஒரு மரியாதை வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை ஊர்களுக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்திறங்கியது. கிழிந்ததும் கறைபடிந்ததும் சாலையோரம் மலையாகக் கிடந்து மழையில் நனைந்தது. உழைத்து உடுத்திய மீனவ மக்கள் அதைத் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. இரண்டு அங்கி உள்ளவர் இல்லாதவரோடு பகிரட்டும் என்றுதான் திருமுழுக்கு யோவான் சொன்னார். ஒருவர் தாமே உடுத்துகிற அங்கிகளில் ஒன்றைச் சொன்னார். வீட்டைக் காலி செய்யும்போது ஒதுக்குகிற குப்பையைச் சொல்லவில்லை.

இன்னொன்று. யாக்கோபு தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், செல்வரின் ஆடைகளைப் பூச்சி அரித்துவிட்டது என்கிறார். ஒரு வசனம் தள்ளி, வேலையாளுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார். பூச்சி அரித்த துணியும் பிடித்து வைத்த கூலியும் அவருக்கு ஒரே மூச்சில் நினைவுக்கு வருகின்றன. கப்போர்டு வேலையில் இரண்டும் ஒரே அறையில் நடக்கின்றன. வடமாநிலத்திலிருந்து வந்து, மரத்தூளில் வேலை செய்து, உங்கள் வீட்டிலேயே ஒரு மூலையில் சமைத்துப் படுக்கிற இளைஞர்களின் கடைசித் தவணையை, மைக்கா ஓரத்தில் ஒரு கீறலைக் காட்டி மாதக்கணக்கில் இழுக்காதீர்கள். குறை இருந்தால் சரிசெய்யச் சொல்லுங்கள், பணத்தைக் கொடுத்துவிடுங்கள். பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடு என்கிறது இணைச்சட்டம்.

அடுத்த ஞாயிறு காலைப் பூசைக்குப் பின், வின்சென்ட் தே பவுல் சபையினர் கோவில் வாசலில் மேசை போட்டு இருப்பார்கள். கொடுக்கப் பிரித்து வைத்த துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, விழுந்த பொத்தானைத் தைத்துக் கொண்டு வாருங்கள். ஆண், பெண், குழந்தை என்று பையின் மேல் எழுதிவிடுங்கள். பிரிப்பவர்களுக்கு வேலை மிச்சம். தைக்காத துணியைத் தனிப் பையில் கொடுங்கள்.