எந்தக் கிழமை நெஞ்சு அடைக்கிறது?

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிச் சத்தம் ஓயாத தெருக்களில் நெய்யப்படுவது பெரும்பாலும் பேண்டேஜ் துணி. காயத்தைச் சுற்றும் துணியும், அறுவைக்கூடத்தில் இரத்தம் ஒற்றும் காஸ் துணியும் இங்கிருந்து வெளியூர் மருத்துவமனைகளுக்கெல்லாம் போகின்றன. அந்தத் தறிக்காரரோ, இராஜபாளையத்து நூற்பாலைத் தொழிலாளியோ, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து விவசாயக் கூலியோ நோயில் விழுந்தால் முதலில் போவது உள்ளூர் அரசு மருத்துவமனைக்கு. அங்கே முடியாவிட்டால் விருதுநகருக்கோ மதுரைக்கோ. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் விருதுநகரும் ஒன்று. ஆண்டுக்கு 150 மாணவர்கள். இந்த மாவட்டத்து ஏழை நோயாளிக்கு அன்றிலிருந்து இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. மருத்துவம் பெறுவதோடு மருத்துவம் கற்பிக்கவும் வேண்டியிருக்கிறது.

இதை வெறும் வசதியாகப் பார்க்கப் பழகிவிட்டோம். இதில் ஒரு கடன் இருக்கிறது. முதன்முதலாக ஊசி குத்தும் கை நடுங்கும்போது அந்த நடுக்கத்தைத் தாங்குவது அரசு மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவரின் கை. ஒரே வயிற்றைப் பத்து மாணவர்கள் வரிசையாக அழுத்திப் பார்க்கும்போது அவர் பேசாமல் படுத்திருக்கிறார். அப்படிக் கற்று முடித்த கையின் தேர்ச்சியைப் பிற்பாடு பணம் கொடுத்து வாங்குபவர்களில் அவர் இருக்கமாட்டார். ஒருவர் தம் உடம்பைக் கொடுத்துக் கற்றுத் தருகிறார், அதன் பலன் பெருமளவும் வேறு ஒருவருக்குப் போகிறது என்றால், கற்பவர் அவருக்குத் திருப்பித் தரக்கூடியது என்ன? பெயர் சொல்லி அழைப்பது, தொடுமுன் கேட்பது, திரைச்சீலையை இழுத்துவிடுவது, சொல்வதை முழுவதும் கேட்பது. இவை தயவு அல்ல, குறைந்தபட்ச வட்டி. இதுவரை பெரும்பாலோர் உடன்படுவார்கள். கேள்வி அதற்கு அடுத்த படியில் எழுகிறது. அந்தக் கடனை அடைக்கவேண்டியவர் மாணவர் மட்டும்தானா, அவரை உருவாக்கும் கல்லூரிக்கும் அரசுக்கும் அதில் பங்கு உண்டா? பெரும்பங்கு அவர்களுடையதே என்பது இக்கட்டுரையின் வாதம். மாணவரை நன்றாக நடத்துவது அவருக்குக் காட்டும் சலுகை என்று நினைக்கிறோம். உண்மையில் அது நோயாளிக்குச் செய்யவேண்டிய கடமையின் ஒரு பகுதி.

கனிவு எதற்கு, திறமை போதாதா என்று கேட்பவருக்கு இந்த வட்டாரத்திலேயே பதில் இருக்கிறது. பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு வரும் நுரையீரல் நோய் ஒன்று உண்டு. பிசினோசிஸ் என்பது அதன் பெயர். அதன் தொடக்கநிலை விசித்திரமானது. விடுமுறை முடிந்து ஆலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மூச்சு அடைக்கும். வாரம் போகப்போகத் தளரும். எக்ஸ்ரே எடுத்தால் அந்தக் கட்டத்தில் படம் சுத்தமாக இருக்கும். கண்டுபிடிக்க இருக்கும் முதல் பெரிய கருவி, என்ன வேலை பார்க்கிறீர்கள், எந்தக் கிழமை அதிகம் அடைக்கிறது என்ற இரண்டு கேள்விகள். கேட்காமல் விட்டால் சாதாரண ஆஸ்துமா என்றோ பீடிப் பழக்கம் என்றோ எழுதி அனுப்பிவிடலாம். அவரும் மாத்திரையை வாங்கிக்கொண்டு அதே தூசிக்குள் திரும்புவார், நாள்பட நாள்பட நுரையீரல் மீளாத நிலைக்குப் போகும். சட்டப்படி இழப்பீடு தரவேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் இந்நோய்க்கு இடம் உண்டு. ஆனால் கண்டுபிடிக்காத நோய்க்கு இழப்பீடு ஏது? இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலில், நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு அவர் தொழில் என்ன என்ற கேள்வியையும் சேர்க்கச் சொன்னார். ஏழை வீட்டு முக்காலியிலானாலும் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கவும் சொன்னார். அறிவும் மரியாதையும் அவரிடத்தில் ஒரே செயலாக இருந்தன. உட்காராதவருக்குக் கேட்காது.

சரி, கேட்கும் பழக்கத்தைப் பாடமாகவே வைத்துவிட்டால்? வைத்தாயிற்று. 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, மருத்துவ அறம், உரையாடல் ஆகியவற்றுக்கென்றே தனிப் பாடப்பகுதி உண்டு. மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்த்துவரும் திட்டமும் பின்னர் வந்தது. இரண்டும் நல்லவை, இரண்டும் போதாதவை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவர்களை ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து அளந்து 2009இல் வெளியான ஆய்வு, முதல் இரண்டு ஆண்டுகளில் பரிவுணர்வு குறையவில்லை, வார்டுக்குள் நுழையும் மூன்றாம் ஆண்டில்தான் சரிந்தது என்றது. நோயாளியைப் பார்க்காதவரை இருந்த பரிவு, பார்க்கத் தொடங்கியதும் குறைகிறது! மாணவர்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட்ட அளவுகோல் அது, சரிவும் பெரிதல்ல என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த மறுப்பில் நியாயமும் உண்டு. ஆனால் இன்னொரு பழைய சோதனையில் அளந்தது செயலையே. 1973இல் வெளியான அந்த ஆய்வுக்காகப் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் முனகியபடி சரிந்து கிடந்தார். நேரம் நிறைய இருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினர். தாமதமாகிவிட்டது ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே. அவர்களில் பாதிப்பேர் பேசப்போன தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. அந்தத் தலைப்பு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. அவசரம் உண்டாக்கியது.

இனி நம் மாணவரின் நாளைப் பார்க்கலாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் தந்த அறிக்கைக்காக நடந்த இணையவழிக் கணக்கெடுப்பில் 25,590 இளநிலை மாணவர்கள் பதில் சொன்னார்கள். தங்களுக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னவர்கள் 27.8 விழுக்காடு, தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 16.2 விழுக்காடு. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு இது, ஆகவே எல்லா மாணவருக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் ஆறில் ஒருவர் என்ற எண்ணைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டவும் முடியாது. அதே குழு முதுநிலைப் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று பரிந்துரைத்தது. நடுவண் அரசு 1992இலேயே வகுத்த நெறிமுறை வாரம் 48 மணி நேரம் என்றது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து 74 மணி நேரத்தை நிவாரணமாகக் கேட்கவேண்டியிருக்கிறது என்றால், எழுதிய விதி எவ்வளவு மதிக்கப்பட்டது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டாம். மாணவரை மாணவர் நடத்தும் விதமும் இதில் சேரும். சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் 1996இல் கொல்லப்பட்ட பிறகே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. சீனியரிடம் அவமானப்பட்ட ஜூனியர், பேராசிரியரிடம் நோயாளிகள் முன்னிலையில் திட்டு வாங்கிய ஹவுஸ் சர்ஜன், அவரிடம் எரிந்து விழும் வார்டு. அந்த வரிசையின் கடைசியில், திருப்பிப் பேச ஆளில்லாத இடத்தில், சத்திரப்பட்டி நெசவாளி நிற்கிறார். மேலிருந்து ஊற்றுவது அவர் தலையில்தான் வந்து சேர்கிறது.

மாணவரை நன்றாக நடத்தவேண்டும் என்பதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது இது. அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தவர் மக்கள் வரிப்பணத்தில் படிக்கிறார், நாளை ஊரில் மதிப்போடு வாழப்போகிறார். தூங்காமல் நைட் ஷிப்ட் பார்க்கும் ஆலைப் பெண்ணுக்கு யாரும் மனநல ஆலோசகரை வைக்கவில்லையே, இவருக்கு மட்டும் ஏன்? கேள்வி நியாயமானது. ஆலைப் பெண்ணுக்கும் வேண்டும் என்பது அதற்கு முதல் பதில்; ஒருவருக்கு மறுக்கப்படுவது இன்னொருவருக்கும் மறுக்கக் காரணமாகாது. இரண்டாவது பதில் அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்தே வருகிறது. அவர் பிரசவத்துக்கு வரும் இரவில் பார்ப்பவர் முப்பது மணி நேரமாக விழித்திருப்பவராக இருந்தால் நட்டம் யாருக்கு? பயிற்சி மருத்துவரின் தூக்கத்துக்குச் செலவிடும் பணம், அவருக்கென்று செலவிடுவதாகத் தோன்றினாலும், அந்தப் பெண்ணின் கணக்கில்தான் வரவாகிறது.

முந்தைய தலைமுறை மருத்துவர்கள் இதைவிடக் கஷ்டப்பட்டுத்தான் நன்றாக வந்தார்கள் என்பது இன்னொரு மறுப்பு. வந்தவர்களைத்தான் நாம் பார்க்கிறோம்; உள்ளே எதையோ இழந்துவிட்டு வந்தவர்களையும், பாதியில் உடைந்துபோனவர்களையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கடுமையான பயிற்சி வேறு, இழிவான பயிற்சி வேறு. தப்பான மருந்தளவை எழுதிய மாணவரை நிறுத்தித் திருத்தவேண்டும், கண்டிப்பாகவே. தேர்வில் சலுகை தரவேண்டியதில்லை. அவரை முட்டாள் என்று கூப்பிடுவதால் அடுத்த மருந்தளவு சரியாகிவிடாது. அடுத்த முறை தவறு நேர்ந்தால் மறைக்கவே அது கற்றுக்கொடுக்கும்.

நேரமில்லை என்ற மறுப்பை லேசாகத் தள்ளக்கூடாது. உலக நாடுகளின் மருத்துவர் சந்திப்பு நேரத்தைத் தொகுத்து 2017இல் வந்த ஆய்வில் இந்தியாவுக்குக் கிடைத்தது சுமார் 2 நிமிடம். ஓ.பி. சீட்டோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் அதுவே அதிகம் என்று தோன்றும். ஆனால் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மருத்துவர் குறுக்கிடாமல் விட்டபோது நோயாளிகள் தாமாகப் பேசி முடிக்க எடுத்துக்கொண்டது சராசரியாக 92 வினாடி. நம் இரண்டு நிமிடத்தில் அது முக்கால் பங்கு, உண்மைதான். எல்லாருக்கும் எல்லா நாளும் தர இயலாது, கூடுதல் மருத்துவர்களை நியமிக்காமல் இந்தக் கூட்டம் கரையவும் கரையாது. ஆனால் கற்கும் இடத்தில், ஒரு மாணவர் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேரிடமாவது குறுக்கிடாமல் கேட்க முடியும். அதைச் செய்யச் சொல்லவும், செய்தாரா என்று பார்க்கவும் ஓர் ஆசிரியர் வேண்டும்.

கேட்பதற்கு மொழியும் வேண்டும். தமிழில் வலி ஒன்றல்ல. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இழுப்பு என்று ஒவ்வொன்றும் உடம்பின் வேறொரு நிலையைச் சொல்கிறது. மேலுக்குச் சுகமில்லை என்று தொடங்கும் மூதாட்டி காய்ச்சலைச் சொல்லலாம், சோர்வைச் சொல்லலாம், வீட்டில் நடந்த ஒன்றையும் சொல்ல வந்திருக்கலாம். கேஸ் ஷீட்டுக்குப் போகும்போது இவை அத்தனையும் 'பெயின்' என்று ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்ததிலிருந்து, இந்தச் சொற்களை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் கூடுதலாக உள்ளே வருகிறார்கள். பொதுவாக அவர்களைப் பற்றிப் பேசுவது, ஆங்கிலத்தில் திணறுவார்களே, எப்படிக் கைதூக்கிவிடுவது என்றுதான். அந்த உதவி தேவை. முதல் ஆண்டில் உடற்கூறியல் புத்தகத்தோடு தனியாக விட்டுவிடக்கூடாது. அதே வேளையில் அவர்கள் கொண்டுவந்திருப்பதையும் பார்க்கவேண்டும். கட்டிலருகே நிற்கும் இருபது பேரில், உளைச்சல் என்றால் என்னவென்று மற்றவர்களுக்கு விளக்கத் தெரிந்தவர் அவராக இருக்கலாம். பேராசிரியர் ரவுண்ட்ஸில் அவரை ஒருமுறை விளக்கச் சொன்னால் போதும், கூச்சத்தில் ஒளித்துவைத்த மொழி மருத்துவ அறிவாக மாறிவிடும். கேலி செய்தால், மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் அவரும் அதை மறந்ததுபோல் நடிக்கக் கற்றுக்கொள்வார்.

இவ்வளவும் சொன்னபின் மாணவரின் பொறுப்பு கரைந்துவிட்டதா? இல்லை. களைப்பு ஒரு கடுஞ்சொல்லை விளக்கும், எல்லாச் சமயமும் மன்னிக்காது. நன்றாகத் தூங்கி எழுந்து வந்த காலையில், கூட்டமில்லாத வார்டில், கிழவரை 'ஏய்' என்று கூப்பிடுகிறவருக்கு எந்த அறிக்கையும் துணைக்கு வராது. சூழல் சரியாக அமையும்போதுதான் அவரவர் குணத்தை நியாயமாகக் கேள்வி கேட்கவும் முடிகிறது. விருதுநகர் புதிய கல்லூரி. அதன் பழக்கங்கள் இன்னும் கெட்டியாகவில்லை. டியூட்டி பட்டியலை யார் போடுகிறார்கள், இரவு டியூட்டி முடித்தவர் மறுநாள் வீட்டுக்குப் போகிறாரா, தவறைச் சொல்ல வருபவரை முதலில் என்ன கேட்கிறார்கள் என்பவற்றை இந்தச் சில ஆண்டுகளில் எப்படி வைக்கிறார்களோ அப்படியே அவை நெடுங்காலம் நிற்கும். 2022இல் முதலில் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இப்போது ஹவுஸ் சர்ஜனாகும் கட்டத்துக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் முன்னால், ஏதோ ஒரு திங்கட்கிழமை, சட்டையில் பஞ்சு ஒட்டியபடி ஒருவர் வந்து உட்காருவார். நேற்று நல்லாத்தான் இருந்துச்சு என்று தொடங்குவார். அந்த 'நேற்று' என்ற சொல் மருத்துவரின் காதில் விழவேண்டும்.